அண்ணி தள்ளிய புத்தகம்

என் அண்ணியை நூலகத்தில் எல்லோரும் 'பூதக்கண்ணாடி' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவர் கண்டுபிடித்துவிட்டால் அந்த ஆள் வேறு வேலை தேட வேண்டியதுதான். வைத்தது நான் இல்லை. ஆனால் வைத்தவருக்கு என் பாராட்டுகள்.

எதையும் எளிதில் நம்பாதவர் அவர். பேருந்தில் ஏறும் முன் ஓட்டுநரிடம் ஒருமுறை, நடத்துநரிடம் ஒருமுறை, எங்கே போகிறது என்று கேட்பார். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால், "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டாங்களோ?" என்று உட்கார்ந்த பிறகு என் காதில் கிசுகிசுப்பார். மருந்துக் கடைக்காரர், தையல்காரர், பல் மருத்துவர் எல்லோரும் அவரைப் பொறுத்தவரை இன்னும் மாட்டிக்கொள்ளாத ஆட்கள், அவ்வளவுதான். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் போட்டுக் கொடுத்த முதல் டீயை அவர் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். சூடு இருக்கிறதா என்று பார்த்தேன் என்று இன்றுவரை சாதிக்கிறார். சூட்டை யாராவது மூக்கால் பார்ப்பார்களா?

இப்படிப்பட்டவருக்குக் கடவுள் சரியான வேலையைக் கொடுத்திருந்தார். நகர நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு அறிவு நூல்களைத் தேர்ந்தெடுப்பது அவர் பொறுப்பு. மாடிப்படிக்குப் பின்னால் ஒரு அறை. ஜன்னல் ஓரமாக நீண்ட மேசை, சுவரோரம் அட்டைப்பெட்டிகள், எப்போதும் பசை நாற்றம். பதிப்பகங்கள் அனுப்பும் மாதிரிப் பிரதிகளின் அட்டையைக் கழற்றி, பழுப்புத் தாள் சுற்றி, எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் இருக்கும் பக்கத்தை ஒட்டி மூடி, அதன் பிறகுதான் அவர் மேசைக்கு அனுப்புவார்கள். யாருடைய புத்தகம் என்று தெரியாமலேயே படிக்க வேண்டும். அவர் சரி என்று எழுதினால் தலைமை நூலகர் கையெழுத்துப் போடுவார், புத்தகம் எல்லாக் கிளைகளுக்கும் போகும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். திருத்திக் கொண்டுவா என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

குழந்தைகள் அதிகம் கேட்பது டைனோசர் புத்தகங்களைத்தான். அண்ணி அதிகம் தள்ளுவதும் அவற்றைத்தான். பெரிய பல் ஒன்றை வரைந்து போட்டால் விற்றுவிடும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு டைனோசர் புத்தகம் போட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய புகார். படத்தின் அழகைப் பார்த்து அவர் மயங்குவதே இல்லை. அழகாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். "எதையோ மறைக்கத்தான் இவ்வளவு வர்ணம்" என்பார்.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும். சாப்பிடும்போதெல்லாம் அதைத்தானே கேட்கிறேன். வால் தரையில் இழுபடுகிறதா, பழைய சரக்கு, தள்ளு. குட்டிக் கைகள் கொண்ட அந்தப் பெரிய ஊனுண்ணிக்கு மூன்று விரல் போட்டிருக்கிறார்களா, இரண்டுதான் உண்டு, தள்ளு. பறந்த ஊர்வனவற்றையும் கடலில் நீந்தியவற்றையும் டைனோசர் என்று எழுதியிருக்கிறார்களா, அவை வேறு குடும்பம், தள்ளு. முதுகில் தட்டுகள் வைத்ததும் அந்தப் பெரிய ஊனுண்ணியும் ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கின்றனவா? அவை இரண்டுக்கும் நடுவே இருந்த கால இடைவெளி, அந்த ஊனுண்ணிக்கும் நமக்கும் நடுவே இருப்பதைவிடப் பெரியது. ஒரே படத்தில் நிற்க வைத்தால் அது குடும்பப் போட்டோ, அறிவு நூல் இல்லை. எந்த டைனோசர் என்ன நிறம் என்று எல்லாவற்றுக்கும் அடித்துச் சொல்லும் புத்தகத்தை அவர் மூடியே விடுவார். சிலவற்றின் நிறம்தான் தெரியும், மற்றது ஊகம். தெரியாது என்ற சொல் ஒரு தடவையாவது வரும் புத்தகத்தைத்தான் இரண்டாம் முறை புரட்டுவார்.

அதிலும் முதலில் திருப்புவது முட்டைத் திருடன் பக்கத்தை. அந்தக் காலத்தில் ஒரு டைனோசரின் எலும்புக்கூடு முட்டைகள் இருந்த கூட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்ததாம். அடுத்தவன் முட்டையைத் திருட வந்து செத்திருக்கிறது என்று முடிவு கட்டி, பெயரையே திருடன் என்று வைத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்து அதே மாதிரி முட்டை ஒன்றுக்குள் குஞ்சின் எலும்பு கிடைத்தது. பார்த்தால் அதே வகைக் குஞ்சு. பாவம், தன் முட்டையைத்தான் அது காவல் காத்திருக்கிறது. இன்னும் அதைத் திருடனாகக் காட்டும் புத்தகம் அண்ணி கையில் பிழைக்காது.

நூலகத்தில் ஏற்கெனவே இருந்த பழைய புத்தகங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தவறானவற்றையெல்லாம் அலமாரியிலிருந்து உருவினார். கழித்த புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதுதான் வழக்கம். அண்ணிக்குப் பேப்பர்காரர் மேல் நம்பிக்கை இல்லை. அந்த ஆள் அவற்றை அரைக்க அனுப்பாமல் நடைபாதைக் கடையில் விற்றுவிடுவார், திரும்பவும் குழந்தைகள் கைக்கே போய்விடும் என்று சந்தேகம். அதனால் டைனோசர் புத்தகங்களை மட்டும் தலைமை நூலகரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, துணியில் சுற்றி, பரணில் ஏற்றினார். கைதிகளைக் காவலில் வைப்பது போல. "வெளியே விட்டாத்தானே திரும்பி வரும்?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் ஓவியன். பாடப் புத்தகத்தில் தவளையின் வயிறு, மருந்து அட்டையில் முழங்கால், சுவரில் தொங்கும் பல் துலக்கும் முறை எல்லாம் அவன் கைவண்ணம். எதிலும் அவன் பெயர் இருக்காது. வாயில்லாப் பிராணி. சாப்பாட்டுத் தட்டையும் தன் அறைக்கே கொண்டுபோய்விடுவான் என்பதால் அண்ணியின் வால், விரல் பேச்செல்லாம் அவன் காதில் விழுந்ததே இல்லை. யார் என்ன சொன்னாலும் நம்புவான். இவனையும் அண்ணியையும் ஜோடி சேர்த்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

அந்த அண்ணன் திடீரென்று அறைக்கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தான்.

அண்ணி முதலில் என்னைத்தான் சமையலறையில் மடக்கினார். "உங்க அண்ணன் தனியா சிரிக்கிறாரு, கவனிச்சியா?"

"சிரிச்சா தப்பா அண்ணி?"

"காரணம் இல்லாம சிரிக்கிறவர் இல்ல. கையில வேலை எதுவும் இல்லைங்கறாரு. ஆனா உள்ளங்கை ஓரமெல்லாம் பென்சில் கரி. போன் வந்தா எழுந்து வாசலுக்குப் போறாரு. பேசுறது ஒரு பொண்ணு."

"அண்ணனாவது, பொண்ணாவது!"

"நான் அதைச் சொல்லல. அதுன்னா எப்பவோ கண்டுபிடிச்சிருப்பேன். இது வேற என்னமோ."

சந்தேகம் ஜலதோஷம் மாதிரி, ஒரே வீட்டில் இருந்தால் தொற்றிக்கொள்ளும். எனக்கும் அண்ணன் சிரிப்பு உறுத்த ஆரம்பித்தது. டீ கொடுக்கும் சாக்கில் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை ஒன்று அவனிடம் உண்டு, படத்தின் மேல் தாளை வைத்து நகல் எடுப்பதற்கு. அதன் மேல் கவிழ்ந்திருந்தவன் என்னைக் கண்டதும் செய்தித்தாளை இழுத்து எல்லாவற்றையும் மூடினான். "என்ன அண்ணா அது?" என்றால், "ஒண்ணுமில்ல, முழங்கால்" என்றான். முழங்காலை எதற்கு மூட வேண்டும்? வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். பிடி கொடுக்கவே இல்லை. அதற்கடுத்த வாரம் அண்ணி பரணைக் காட்டி, தூசி கலைந்திருக்கிறது, யாரோ ஏறியிருக்கிறார்கள் என்றார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் எதற்கு அந்தக் குப்பையில் ஏறப் போகிறேன்? எலியாக இருக்கும் என்று கோபத்தோடு சொல்லிவிட்டேன். "எலி துணியை முடிச்சுப் போடாது" என்றார் அவர்.

பல மாதம் இப்படியே போனது. ஒருநாள் மத்தியானம் நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு அண்ணி வந்து நின்றார். வேலை நேரத்தில் அவர் நூலகத்தை விட்டு நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னிக்கு ஒரு டைனோசர் புஸ்தகம் வந்துச்சு," என்றார். "எழுத்து அவ்வளவு அழகு. குழந்தைகிட்ட பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி. இதை எடுத்துரணும்னு முதல் பக்கத்துலயே தோணிருச்சு. எனக்கு அப்படித் தோணவே தோணாது, உனக்குத் தெரியுமில்ல?"

"சரி, எடுத்துக்கங்க. அதுக்கா இப்படி வேர்த்துப்போய் வந்தீங்க?"

"முட்டைத் திருடன் பக்கத்தைத் திருப்பினேன். வாயில முட்டையைக் கவ்விக்கிட்டு ஓடுது. அது போகட்டும். அதோட குதிகால்ல ஒரு முள்ளு இருக்கு, சேவலுக்கு இருக்குமே, அது மாதிரி."

"அதுக்கு முள்ளு கிடையாதா?"

"உலகத்துல எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது. ஒரே ஒரு பிரதியில உண்டு. எவனோ ஒரு வாண்டு பேனாவால வரைஞ்சு வச்ச முள்ளு. படத்தோட படமா ஒட்டிப்போற மாதிரி வரைஞ்சிருந்தான். நான்தான் ரப்பர் வச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன், போகல. அந்தப் பிரதி இப்ப நம்ம பரண்ல இருக்கு."

எனக்குப் புரியச் சற்று நேரமானது. கலைந்த பரண் தூசி, செய்தித்தாள் போட்டு மூடிய கண்ணாடி மேசை, வாசல் போன் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. பழுப்புத் தாளுக்குள் இருந்தது என் அண்ணனின் புத்தகம். அவன் எழுதி, அவன் வரைந்து, முதன்முதலாக அவன் பெயர் போட்டு வரப்போகும் புத்தகம். நூலகம் எடுத்தால்தான் பதிப்பகங்கள் முழுதாக அச்சடிக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. அண்ணி வேண்டாம் என்று ஒரு சொல் எழுதினால் அது அத்தோடு முடிந்தது.

"என்னை வச்சுக் காரியம் சாதிக்கப் பார்க்கிறாரு," என்றார் அண்ணி. "திருட்டுத்தனமா பரண்ல ஏறி, அடுத்தவன் படத்தை நகல் எடுத்து, என் மேசைக்கே அனுப்பியிருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் அண்ணன் அறைக்குள் நாங்கள் இருவரும் நுழைந்தோம். "நீயும் வா, சாட்சி வேணும்" என்று அண்ணி என்னை இழுத்துக்கொண்டு போனார். ஊருக்கெல்லாம் முட்டைத் திருடன் கதையைச் சொல்கிறவர், வீட்டுக்குள் என்ன செய்யப் போகிறார் என்பது அவருக்கே உறைக்கவில்லை. எனக்கும்தான் உறைக்கவில்லை, நானும் சேர்ந்துதானே முறைத்துக்கொண்டு நின்றேன்.

"அந்தக் குதிகால் முள்ளை எங்கிருந்து எடுத்தீங்க?" என்றார் அண்ணி, எடுத்த எடுப்பில்.

அண்ணன் முகம் மலர்ந்தது! "படிச்சிட்டியா? வந்திருச்சா உன் மேசைக்கு? எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"உன் புஸ்தகத்துலேர்ந்துதான். பரண்ல வச்சிருக்கியே. ஏன், முள்ளு சரியா வரலையா?"

"ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"சொல்லியிருந்தா நீ எப்படிப் படிப்ப? உன் புருஷன் புஸ்தகம்னு தெரிஞ்சே நீ எடுத்தன்னு நாளைக்கு யாராவது உன்னைப் பேசினா? உன் பேருக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதுன்னுதான் கதவைச் சாத்திக்கிட்டேன். எனக்கு வேற ரகசியம் ஏது?"

அண்ணி அதற்குத் தயாராக வரவில்லை. இருந்தாலும் விடவில்லை. "பரண்ல இருக்கிறதெல்லாம் தப்பான புஸ்தகங்க. தப்புன்னுதான் நான் அதையெல்லாம் கழிச்சேன். அந்த முள்ளு ஏதோ ஒரு பிள்ளை கிறுக்கினது. நீங்க பாதிப் படத்தை அந்தப் புஸ்தகத்தைப் பார்த்துத்தான் வரைஞ்சிருக்கீங்க. வாலு தரையில இழுபடுது, கவனிச்சீங்களா?"

அண்ணன் கையில் இருந்த பென்சிலை மேசையில் வைத்தான். "அட்டை கிழிஞ்சிருந்துச்சு. அதனாலதான் நூலகத்துல கழிச்சுட்டாங்கன்னு நினைச்சேன்."

"வேற எங்கேயும் சரி பார்க்கலையா? ஒரு இடத்துலகூட?"

"எதுக்குப் பார்க்கணும்?" அவன் உண்மையாகவே புரியாமல் கேட்டான். "நீ கொண்டு வந்தது. துணி சுத்திப் பத்திரமா நீ வச்சிருந்தது. உன் கண்ணுக்குத் தப்பு தப்பாதுன்னு ஊரே சொல்லுது. நீ வீட்டுல வச்சிருந்தா அது சரியாத்தானே இருக்கும்?"

அண்ணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். எனக்கு அவர் மேல் பயங்கரக் கோபம் வந்தது. ஏதோ பேப்பர்காரரைச் சந்தேகப்பட்டு இந்தக் குப்பையை வீட்டுக்குள் ஏற்றியது யார்? வெளியே விட்டால் திரும்பி வரும் என்றவர் வீட்டு வழியாகவே அல்லவா அது திரும்பி வந்திருக்கிறது! வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். அண்ணன் மட்டும் மெதுவாகக் கேட்டான்: "அப்ப தள்ளிடுவியா?"

அண்ணி எழுந்து வெளியே போனார்.

திங்கட்கிழமை நூலகத்தில் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். தலைமை நூலகரிடம் போய், இது என் வீட்டுக்காரர் புத்தகம், நான் படிப்பது முறையில்லை என்றிருக்கிறார். அவர் நல்ல மனிதர். "இவ்வளவு நேர்மையா சொல்றீங்களேம்மா," என்று நெகிழ்ந்துவிட்டாராம். "நான் புரட்டிப் பார்த்தேன், பிரமாதமா இருக்கு. நீங்க ஒதுங்கிக்கங்க, நானே கையெழுத்துப் போட்டுடறேன். பெரிய தப்பு எதுவும் இல்லையே?"

இல்லை என்றுகூடச் சொல்ல வேண்டாம். சும்மா நின்றிருந்தாலே போதும். அண்ணனின் பெயர் எல்லாக் கிளைகளிலும் அலமாரி ஏறியிருக்கும்.

"இருக்கு சார்," என்றாராம் அண்ணி. பக்கம் பக்கமாகத் திருப்பி, வால், விரல், முட்டை, முள் என்று எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்திருக்கிறார். தலைமை நூலகர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அண்ணன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் வெறுமனே உட்கார்ந்திருந்தான். பிறகு, முன்பு வாசலில் நின்று பேசுவானே, அந்தப் பதிப்பகப் பெண்ணுக்குப் போன் செய்து, முழுவதும் புதிதாக வரைகிறேன், காத்திருப்பீர்களா என்று கேட்டான். அவர்கள் காத்திருந்தார்கள். அண்ணி பரணைக் காலி செய்து, ஒவ்வொரு புத்தகத்தையும் தன் கையாலேயே கிழித்துப் போட்டார். பிறகு தான் தேர்ந்தெடுத்த நல்ல புத்தகங்களைக் கொண்டுவந்து அண்ணன் மேசையில் அடுக்கினார்.

அண்ணன் அவற்றை வாங்கிக்கொண்டான். ஆனால் ஒன்றை மட்டும் நம்பி ஒரு கோடுகூடப் போடவில்லை. ஒரு காலுக்கு மூன்று புத்தகம் பார்த்தான். அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டான். எலும்புகளின் புகைப்படங்களை வரவழைத்தான். அண்ணி, "இது சரியாத்தான் இருக்கு, வரையுங்க" என்றால், "இரு, எதுக்கும் பார்த்துக்கறேன்" என்பான். அண்ணிக்குத் தலைகால் புரியாத பெருமை. "உங்க அண்ணன் தேறிட்டாரு" என்று என்னிடம் வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவன் காய்கறிக்காரரிடம் கேள்வி கேட்கத் தொடங்கியபோதும், மருந்துச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தபோதும் அண்ணி சிரித்துக்கொண்டார். எனக்குத்தான் என்னவோ போலிருந்தது. எங்கள் வீட்டில் ஒரு பூதக்கண்ணாடி போதாதா?

படங்கள் முழுக்கப் புதிது என்பதால் அது புதுப் புத்தகமாகவே நூலகத்துக்குப் போனது, இந்த முறை படித்தது வேறொரு தேர்வாளர். அண்ணி அந்தப் பக்கமே போகவில்லை. தேர்வானது, அச்சானது. முதல் பிரதி வீட்டுக்கு வந்த அன்று அண்ணி விடுப்புப் போட்டுவிட்டு, காலையிலிருந்து சாப்பிடாமல் வரி வரியாகப் படித்தார். அட்டையில் அண்ணனின் பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முட்டைகளின் மேல் இறகுக் கைகளை விரித்து உட்கார்ந்திருந்தது அந்தப் பிராணி. எந்த நிறம் என்று நமக்குத் தெரியாது என்று அண்ணன் கீழே எழுதியிருந்தான்.

மாலையில் அவன் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், அவர் யாரையாவது பாராட்டி நான் பார்த்ததே இல்லையே.

"என்னங்க, முழுசும் பார்த்துட்டேன்," என்றார். கண் கலங்கியிருந்தது. "ஒரு தப்புகூட இல்ல."

அண்ணன் அடுத்த படத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கி, அன்பாகத்தான் சிரித்தான்.

"அப்படியா? எதுக்கும் வேற யார்கிட்டயாவது ஒரு தடவை காட்டிக் கேட்டுக்கறேன்."

குத்திக் காட்டவில்லை. அவனுக்கு அதெல்லாம் தெரியாது. எல்லாரிடமும் சொல்வது போல இயல்பாகச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். அண்ணி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

"அவர் சொன்னது சரிதானே? நான்கூட அப்படித்தானே சொல்லியிருப்பேன்?"

"ஆமா அண்ணி," என்றேன்.

"சரிதான்," என்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் அழுவது வெளியே கேட்காது என்று நினைத்திருப்பார். பக்கத்திலேயே நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது.